போட்டது போட்டபடி

முட்டைக்காரர் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தபோது அவர் மனைவி பள்ளிக்கூடச் சட்டைகளின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். காலை பத்தரை மணி இருக்கும். சன்னல் வெயில் காலைத் தொட ஆரம்பித்ததால் நாற்காலியைச் சுவரை ஒட்டி நகர்த்திப் போட்டிருந்தாள். செய்தி கொண்டுவந்தவர் முனைக்கடை மளிகைக்காரர். "பயப்படாதீங்கம்மா, ஆளு எந்திரிச்சு நிக்கிறாரு" என்று கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னார். அதனாலேயே அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஊசியைத் துணியில் குத்திவிட்டு, கதவைப் பூட்டினோமா என்ற நினைவுகூட இல்லாமல் அவர் பின்னால் நடந்தாள்.

பெரிய சாலை மஞ்சளாக இருந்தது. பதினான்கு அட்டை முட்டை; ஒரு அட்டைக்கு முப்பது. ஓரங்களில் அதற்குள் காய ஆரம்பித்து, நடுவில் மட்டும் வழவழவென்று கிடந்தது. யாரோ ஒரு புண்ணியவான் வாளியில் மணல் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார். பேருந்துகள் அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. முட்டைக்காரர் ஓரமாக மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். முழங்கை தோல் உரிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே பேண்ட் முழுக்க மஞ்சள் கரு. அவரைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது அழுகையல்ல, அலுப்பு. இன்றைக்கு இனி ஒன்றும் ஓடாது என்கிற அலுப்பு.

செருப்புக்கடைப் படியில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது சொல்லலாம். வெள்ளைச் சீருடையின் தோள்பட்டையில் சாலையின் கரி. இடது கையை வலது கையால் ஏந்திப் பிடித்திருந்தாள், பிறந்த குழந்தையைப் பிடிப்பதுபோல. அவளுடைய ஸ்கூட்டர் முன்சக்கரம் கோணிக் கிடந்தது. அவள் இடதுபக்கச் சந்திலிருந்து பெரிய சாலைக்கு வந்திருக்கிறாள். முட்டைக்காரர் பெரிய சாலையில் நேராக வந்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. ஏன் நடந்தது என்பதில்தான் தகராறு.

"லெஃப்ட் இண்டிகேட்டர் எரிஞ்சுதுங்க" என்றாள் நர்ஸ். குரல் எழும்பவில்லை. "சந்துக்குள்ள திரும்பப் போறாருன்னு நம்பித்தான் வண்டிய எடுத்தேன்."

"நான் எதுக்கு அங்க இண்டிகேட்டர் போடறேன்?" என்றார் முட்டைக்காரர். "சந்துக்குள்ள எனக்கு ஒரு கடைகூடக் கிடையாது. நேராப் போறவன்."

"எரிஞ்சுது. என் கண்ணால பாத்தேன்."

விழுந்த வண்டியைத் தூக்கியவர்கள் முதல் வேலையாகச் சாவியைத் திருகி அணைத்திருந்தார்கள். முன்பக்க இடது விளக்கு உடைந்து கண்ணாடிச் சில்லாகிவிட்டது. எரிந்ததா எரியவில்லையா என்று சொல்ல ஆளில்லை. ஆனால் முட்டைக்காரர் ஒன்பது வருடமாக அந்தச் சாலைக் கடைகளுக்கு முட்டை போடுகிறவர். கடைக்காரர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்.

"சந்துலருந்து வர்றவங்கதான் ரெண்டு பக்கமும் பாத்து வரணும்மா" என்றார் செருப்புக்கடைக்காரர்.

"டூட்டிக்கு லேட்டாயிருச்சுன்னு அடிச்சுப் புடிச்சு வந்திருக்கும்" என்றார் இன்னொருவர்.

நர்ஸ் கையை ஏந்தியபடியே எழுந்தாள். ஆட்டோவில் ஏறும்போது ஒருமுறை திரும்பி முட்டைக்காரரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று மனைவிக்குத் தோன்றியது. கணக்குத் தப்பாக வந்த ஒரு பிள்ளை சிலேட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவன் மனைவியின் தம்பி. மோட்டார் சைக்கிள்களுக்கு வயர் வேலை மட்டும் செய்கிறவன். இன்ஜினைத் தொடமாட்டான், பஞ்சர் ஒட்டமாட்டான். ஊரே அவனைக் 'கரண்டு' என்றுதான் கூப்பிடும். கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தியதும் அவன் முதலில் பார்த்தது கைப்பிடியில் இருக்கிற இண்டிகேட்டர் சுவிட்சை. அது இடதுபக்கம் தள்ளியிருந்தது. கட்டை விரலால் அதை நடுவுக்குக் கொண்டுவந்தான். விழுந்த வேகத்தில் தள்ளியிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

*

ஒரு வாரத்தில் கைப்பிடியை நிமிர்த்தி, உடைந்த விளக்கை மாற்றி, வண்டியை அக்கா வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தான் கரண்டு. மாலை நான்கு மணி. அக்கா வாசல்படியில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நர்சுக்குத் தோளில் காறை எலும்பு முறிந்து ஆறு வாரத்துக்குக் கையைத் துணித் தொட்டிலில் கட்டியிருக்கிறார்கள் என்று மளிகைக்காரர் காலையில்தான் சொல்லியிருந்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார். அவள் புருஷன் ஸ்கூட்டரைச் சரிசெய்து பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டானாம். "கண்ணு இருந்தும் குருடி, உனக்கு எதுக்கு வண்டி" என்றானாம். கை சரியான பிறகும் இரண்டு பஸ் மாறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றானாம். அக்கா இதை வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. கல் மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

"சாவியப் போடுங்க மாமா" என்றான் கரண்டு.

போட்டார்.

"லெஃப்ட் போட்டுப் பாருங்க."

புது விளக்கு மின்னியது. கூடவே முன்விளக்குக்குப் பின்னாலிருந்து கீ, கீ என்று சத்தம் வந்தது. இண்டிகேட்டர் எரிகிறது என்று ஓட்டுகிறவருக்கு நினைவுபடுத்த வண்டியோடு வந்த சத்தம் அது. காரில் திருப்பத்துக்குப் பிறகு இண்டிகேட்டர் தானாக நின்றுவிடும். இந்த மாதிரி வண்டியில் கையால் நிறுத்தினால்தான் உண்டு; இல்லையென்றால் போட்டது போட்டபடி எரிந்துகொண்டே கிடக்கும். அதற்காகத்தான் அந்தச் சத்தம். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள்கூட எட்டிப் பார்த்தாள்.

முட்டைக்காரர் குனிந்து விளக்கைப் பார்த்தார். "லைட்டு நல்லா இருக்கு. உள்ள ஒரு பீப் சத்தம் வருமே, அதையும் ஒரு பார்வை பாத்துரு மாப்ள. வரவே மாட்டேங்குது."

கீ, கீ என்று அது கத்திக்கொண்டிருந்தது.

கரண்டு கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். அக்காவைப் பார்த்தான். அக்காவின் ஊசி பட்டன் துளைக்குள் பாதியில் நின்றது.

"எப்பலருந்து மாமா வரல?"

"அது ஆச்சு ரெண்டு வருஷம். அது என்ன பெரிய இதுன்னு விட்டுட்டேன்."

அவர் துணியை எடுத்து வண்டியின் பக்கக் கண்ணாடியைத் துடைக்கத் திரும்பினார். அக்கா சட்டையை மடியிலிருந்து எடுத்துப் படியில் வைத்தாள். எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் நான்கடி தள்ளிப் போய் நின்றாள். எப்போதும் பேசுகிற குரலில், "ஏங்க, வீடு பத்திக்கிச்சு" என்றாள்.

அவர் கண்ணாடியில் வாயால் ஆவி ஊதி, அழுக்குத் தெரிந்த இடத்தில் இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"வீடு பத்தி எரியுதுங்க."

கண்ணாடியில் அவள் உருவம் தெரிந்திருக்க வேண்டும். திரும்பினார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்காதவனுக்கும் சில விஷயம் கேட்டுவிடும். துணியை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"மெல்லிசு சத்தந்தான் கேக்கறதில்ல" என்றார். "லாரி கேக்கும். ஆளு எதிர்ல நின்னு பேசினா கேக்கும்."

"டாக்டர்ட்ட காட்டினீங்களா மாமா?"

"காட்டி? தகரப் பட்டறையில பதினெட்டு வருஷம் பிரஸ் மிஷினு பக்கத்துல நின்னவனுக்கு வேற என்ன வரும்? அந்தப் பட்டறையில எங்க எல்லாருக்குமே இப்படித்தான். முட்டை டெப்போவுல தெரிஞ்சா வண்டியப் புடுங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. செவிடன ரோட்டுல விடுவானா எவனாவது?"

செவிடன் என்ற சொல்லை அவரே சொல்லிவிட்டார். கரண்டு கைநீட்டி இண்டிகேட்டரை அணைத்தான்.

*

அன்றைக்கு விளக்கு வைப்பதற்கு முன்பே அவள் அடுப்பை மூட்டிவிட்டாள். அந்த வீட்டில் தினமும் முட்டைதான். டெப்போவில் விரிசல் விட்ட முட்டைகளை ஓட்டுகிறவர்களே எடுத்துக்கொள்ளலாம். வெங்காயம் போட்டுக் கிளறியது ஒருநாள், வேகவைத்தது ஒருநாள். மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபோது, அங்கே முட்டை போடமாட்டார்கள் என்பதுதான் தனக்குப் பெரிய சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றியபடியே பேச ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருஷமா நான் பேசினதெல்லாம் எங்க போச்சு?"

"உன் வாயப் பாத்தா எனக்குப் புரிஞ்சிரும்."

"நான் அடுப்பப் பாத்துக்கிட்டுதானேங்க பேசுவேன்."

அவர் கொஞ்சம் அருகில் வந்து நின்றார்.

"எங்க அம்மா செத்த வருஷம், இந்த இடத்துல நின்னு என்னென்னமோ சொன்னேன். நீங்க ஒரு வார்த்த பேசல. சரி, ஆம்பளைக்கு ஆறுதல் சொல்ல வராதுன்னு விட்டேன். அதுக்கப்புறம் உங்ககிட்ட எதையும் சொல்றதையே நிறுத்திட்டேன். அது தெரியுமா உங்களுக்கு?"

"நிறுத்தினது தெரியும்" என்றார் அவர். "நீ அலுத்துப் போயிட்டன்னு நெனச்சேன்."

"பொண்ணு போன் பண்ணா ரெண்டாவது நிமிஷம் எங்கிட்ட குடுத்துருவீங்க. அப்பாவுக்கு எம்மேல என்ன கோவம்னு அவ என்னைக் கேக்கறா. நான் என்னத்தச் சொல்ல? அவரு அப்படித்தான், மரம் மாதிரின்னு சொன்னேன்."

முட்டை தீய்ந்த வாசனை வந்தது. அவள் திரும்பி அடுப்பை அணைத்தாள். தீய்ந்ததைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு நல்லதை அவருக்கு வைத்தாள். அவர் தட்டை மாற்றி வைத்தார். அவள் மறுபடி மாற்றவில்லை. மாற்றுகிற தெம்பு அன்றைக்கு அவளுக்கு இல்லை.

*

கரண்டு விடவில்லை. அவனுக்கு அந்தக் காது ஒரு வயர் அறுந்த மாதிரித்தான் தோன்றியது. சத்தம் கேட்கவில்லையென்றால் பெரிய சத்தமாக வைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தான். லாரி பின்னால் எடுக்கும்போது கத்துமே, அந்த மாதிரி ஒரு ஹாரனைப் பழைய சாமான் கடையில் பிடித்து இண்டிகேட்டரோடு இணைத்தான்.

மாமாவுக்குக் கேட்டது. மாமாவுக்கு மட்டுமா கேட்டது? அவர் தெருவுக்குள் திரும்பினால் நடந்து போகிறவர்கள் அலறியடித்து ஒதுங்கினார்கள். நாய்கள் வண்டியின் பின்னாலேயே ஓடின. டீக்கடையில், "முட்டைக்காரரே, நீங்க முன்னாடி போறீங்களா பின்னாடி போறீங்களா?" என்று ஒருவர் கேட்க, இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அவரே வயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"எனக்குக் காது கேக்கலங்கறத ஹாரன் வச்சுச் சொல்லணுமா மாப்ள?"

அடுத்தது வெளிச்சம். பெட்ரோல் டேங்க் மேல் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கை வைத்தான். கடைக்குள் நிறுத்திப் பார்த்தபோது கண்ணைப் பறித்தது. மறுநாள் உச்சி வெயிலில் எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றே தெரியவில்லை.

"சூரியனுக்கு டார்ச் அடிச்ச மாதிரி இருக்கு" என்றார் முட்டைக்காரர். "அது தெரிஞ்சாலும் நான் பாக்கணுமே. பின்னாடி நானூறு முட்டை இருக்கு. என் கண்ணு ரோட்டுக் குழியில இருக்குமா, டேங்க்ல இருக்குமா? உங்க அக்காதான் சொல்வா, நான் வீட்டுலயும் கீழ பாத்துத்தான் நடக்கறேன்னு."

மூன்றாவதாகப் பழைய கைப்பேசிக்குள் உதறுகிற சின்ன மோட்டாரைக் கழற்றிக் கைப்பிடி ரப்பருக்குள் வைத்தான். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அவர் சிரித்தேவிட்டார். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார். "வண்டியே குளிர் சுரம் வந்த மாதிரி உதறுது. இதுல உன் உதறல் எது, அதோட உதறல் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. கரண்டு அக்கா வீட்டிலேயே சாப்பிட உட்கார்ந்தான். சோர்ந்துபோயிருந்தான். முட்டைக்காரர் கொல்லைப்பக்கம் அட்டைகளை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். வாசலில் நின்று குரல் கொடுக்கவில்லை. நடந்து போய் அவர் தோளில் இரண்டு விரலால் தட்டினாள். அவர் உடனே எழுந்து வந்தார்.

"இப்பல்லாம் கூப்பிடறதில்லையாக்கா?"

"கூப்பிட்டுத் தொண்ட போனதுதான் மிச்சம். தட்டிடறேன். தட்டினா மனுஷன் துள்ளி எந்திரிக்கறாரு."

கரண்டு சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"விட்டு விட்டுத் தட்டணும்" என்றான். "உதறக்கூடாது. தட்டணும்."

"என்னடா சொல்ற?"

"உனக்கில்லக்கா. நீ சோறு போடு."

கார் கதவுக்குள் பூட்டைத் தள்ளுவதற்கு ஒரு சின்ன மோட்டார் இருக்கும். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கம்பி வெளியே வந்து உள்ளே போகும். உடைத்துப் போட்ட கார் ஒன்றிலிருந்து அதை வாங்கிவந்தான். டேங்கின் இடதுபக்கம், ஓட்டுகிறவரின் முழங்கால் ஒட்டி உட்காருகிற இடத்தில் தகரம் வளைத்து மாட்டினான். கம்பியின் நுனியில் பழைய செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டி ஒட்டினான். இண்டிகேட்டர் ஒருமுறை மின்னினால் முழங்காலில் ஒரு தட்டு.

முதல்முறை உட்கார்ந்து பார்த்த முட்டைக்காரர், "ஆள் தட்டற மாதிரி இருக்கணும் மாப்ள, கழுத உதைக்கிற மாதிரி இருக்கக்கூடாது" என்றார். ஸ்பிரிங்கை மாற்றினான். இன்னொரு குறை சொன்னார். சிக்னலில் திரும்புவதற்காக நிற்கும்போதும் தட்டிக்கொண்டே இருந்தால் ஆத்திரம் வந்து ஒருநாள் பிடுங்கிப் போட்டுவிடுவேன் என்றார். அதுவும் நியாயம்தான். இருபது எண்ணுகிற நேரம் சும்மா இருந்து, அதற்குப் பிறகும் இண்டிகேட்டர் எரிந்தால் மட்டும் தட்டும்படி ஒரு சின்ன சர்க்யூட் பலகையைச் சேர்த்தான். இதற்கெல்லாம் நான்கு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

தட்டுகிற வண்டியோடு அவர் வேலைக்குப் போன முதல்நாள் லேசாகத் தூறல். மத்தியானம் இரண்டரைக்குத் திரும்பி வந்தார். கையைக் கழுவினார். தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

அவள் அவர் எதிரில் வந்து, முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான் உட்காருகிறாள். "என்ன, வேல செய்யலையா?"

"செய்யுது."

"பின்ன?"

"பதினோரு தடவ தட்டுச்சு."

அவளுக்குப் புரியவில்லை. "நல்லதுதானே?"

"பதினோரு தடவ நான் போட்டுட்டு மறந்திருக்கேன். ஒரே நாள்ல. பேங்க்குகிட்ட திரும்பினேன், அதப் போட்டபடியே பள்ளிக்கூடம் வரைக்கும் போறேன். அங்க தட்டுது. அதுவரைக்கும் எனக்குத் தெரியவே இல்ல."

மறுநாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் பன்னிரண்டு. அட்டை எண்ணிப் பழகிய மனிதர். எண்ணாமல் இருக்க அவரால் முடியவில்லை. நான்காம் நாள் வேலை முடிந்து நேராகக் கரண்டு கடைக்குப் போனார். கரண்டு ஒரு வண்டியின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தான்.

"மாப்ள, அன்னைக்கு நீதானே வண்டிய எடுத்திட்டு வந்த. சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

கரண்டு கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டான். நிறைய நேரம் துடைத்தான்.

"லெஃப்ட்ல."

"ஏன் சொல்லல?"

"விழுந்ததுல தள்ளியிருக்கலாம் மாமா. அப்படியும் ஆகும்."

"ஆகும்" என்றார் முட்டைக்காரர். அங்கே கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். "ஆனா அன்னைக்கு நான் மாவு மில்லுகிட்ட லெஃப்ட் எடுத்து ரோட்டுக்கு வந்தேன். அங்கருந்து அந்தச் சந்து நானூறு அடி இருக்குமா? இந்த நாலு நாள்ல அந்த இடத்துல மட்டும் மூணு நாள் தட்டியிருக்கு."

கரண்டு அவருக்கு ஒரு டீ சொன்னான். டீ ஆறி ஆடை படர்ந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் நர்ஸ் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நல்ல முட்டையாக ஒரு அட்டை கொண்டுபோகலாமா என்று கேட்டார். "சும்மா வாங்க" என்றாள் மனைவி. "முட்டையக் கொட்டி விழ வச்சவரு முட்டையத் தூக்கிட்டு வந்து நின்னா என்ன நெனப்பாங்க?" வெறுங்கையோடு போனார்கள்.

கீழே வேறொரு மளிகைக்கடை, மேலே வீடு. அந்தக் கடைக்கும் இவர்தான் முட்டை போடுகிறார். கடைக்காரர் கையைத் தூக்கிக் கும்பிட்டார். படியேறும்போது பாதியில் மனைவி அவர் முன்னால் வந்து நின்று கேட்டாள். "டெப்போவுக்குத் தெரிஞ்சிருமே?"

"நாளைக்கு நானே சொல்லிடறேன். ஒளிச்சு வச்சு ஒளிச்சு வச்சு எனக்கும் அலுப்பாயிருச்சு. தெனமும் அடுத்தவன் வாயப் பாத்துப் பாத்துக் கண்ணு வலிக்குது."

அவர் சொன்னபடியே மறுநாள் சொன்னார். டெப்போக்காரர் வேலையைப் பறிக்கவில்லை. ஆனால் பெரிய சாலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு இவரை ஐந்தாறு தெருக்களுக்குள் சுருக்கிப்போட்டார். காதுக்கு மாட்டுகிற கருவி ஒன்றை மகள் எங்கேயோ விசாரித்து வாங்கி அனுப்பினாள். அதெல்லாம் பிறகு.

நர்ஸின் புருஷன் கதவைத் திறந்தான். யார் என்று தெரிந்ததும் முகம் இறுகியது. ஆனாலும் உட்காரச் சொன்னான். நர்ஸின் மாமனார் கட்டிலில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் உள்ளேயிருந்து வந்து சுவரோரமாக நின்றாள். கைத்தொட்டிலை அவிழ்த்துவிட்டார்கள், ஆனால் பழக்கத்தில் இன்னும் அந்தக் கையை மடக்கியே வைத்திருந்தாள்.

"என்ன விஷயம்?" என்றான் புருஷன். "நாங்கதான் கேசு எதுவும் குடுக்கலையே. இவ மேல தப்ப வச்சுக்கிட்டு என்னன்னு குடுக்கறது?"

முட்டைக்காரர் அவன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "அதப் பத்தித்தான் பேச வந்தேன்" என்றார்.

அப்போது நர்ஸ் ஏதோ சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, சின்னக் குரலில். அறையில் மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவர் பதிலுக்காகப் பார்த்தார்கள். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டி வைப்பது, சிரித்து மழுப்புவது, அப்படியா என்பது – இரண்டு வருடமாக அவர் வைத்திருந்த எல்லாம் அந்த முகத்தில் ஒரு கணம் வந்துபோயிற்று.

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார். "எனக்குக் காது கேக்காது."

நர்ஸ் நிமிர்ந்தாள்.

"எரிஞ்சுதா இல்லையான்னு கேட்டேன்" என்றாள். "எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும். ராத்திரியெல்லாம் அதையேதான் நெனச்சுப் பாக்கறேன். எல்லாரும் சொல்லிச் சொல்லி, நாம பாத்தது நெஜந்தானான்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு."

"எரிஞ்சுது" என்றார் முட்டைக்காரர்.

பிறகு சொன்னார். மாவு மில்லில் திரும்பியது, நிறுத்த மறந்தது, அந்தக் கீச்சுச் சத்தம் இரண்டு வருடமாகத் தனக்குக் கேட்காதது, மச்சான் முழங்காலில் தட்டுகிற மாதிரி ஒன்றைப் பொருத்தியது, முதல்நாள் அது பதினோரு தடவை தட்டியது. "நீ பாத்தது சரி. நீ வண்டிய எடுத்ததும் சரி. ரோட்டுல நின்னு இல்லவே இல்லன்னு நான் சொன்னேன் பாரு, அதுதான் தப்பு. நான் பொய் சொல்லணும்னு சொல்லல. ஆனா சொன்னது பொய்."

மின்விசிறியை மீறிக் கேட்கவேண்டும் என்று நினைத்தாரோ, தன் குரல் எவ்வளவு ஏறியது என்று அவருக்கே தெரியவில்லையோ, அடித்தொண்டையிலிருந்து பேசினார். மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது. கீழே கடைக்காரர் தெருவில் இறங்கி நின்று மேலே அண்ணாந்து பார்ப்பது மனைவிக்குத் தெரிந்தது. சாமான் வாங்க வந்த இரண்டு பேரும் பார்த்தார்கள்.

புருஷன் எழுந்து போய் அலமாரி மேலே கையால் துழாவி ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். அதை மேசையில் வைத்தான். அவள் பக்கமாகக் கொஞ்சம் தள்ளியும் வைத்தான். அவள் சாவியைப் பார்க்கவில்லை.

"மெதுவா" என்று சொல்ல மனைவி அவர் கையைத் தொடப் போனாள். நர்ஸ் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். சுவரை விட்டு நகர்ந்து வந்து, தெருப்பக்கச் சன்னலின் இரண்டு கதவையும் நன்றாகத் திறந்து வைத்தாள். அவருக்கு நேர் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள், வாயைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக.

அவர் மாவு மில்லில் திரும்பியதிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.